ஆலோசகர் சுமந்த மூட்டை

கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. உப்பு மூட்டையை இறக்கிவிட்டு லாரி நிழலில் உட்கார்ந்தேன். மெர்சியும் கழுத்தைப் பிடித்தபடி வந்தாள். சுமைகாரருக்கு மனநல ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டுமானால் ஒரு வருடம் மூட்டை சுமக்கவேண்டும் என்பது சட்டம். அதற்காகவே எங்களோடு சுமக்க வந்தவள் இவள்; வந்த புதிதில், சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியைக் கல்யாணத் தலைப்பாகைபோலக் கட்டி, 'மாப்பிள்ளை' என்று பெயர் வாங்கியவள்.

"என்னண்ணே, இன்னைக்கும் சாகணும்னு தோணுதா?"

"தோணுது, மாப்பிள்ளை."

"சரி. ஒங்க மூட்டையையும் நான் எடுக்கேன். நீங்க பேசிக்கிட்டே கூட வாங்க."

கழுத்து வலிக்கிறவளிடம் சொல்ல வெட்கமாக இல்லை. கடலுக்குப் போன மகன் திரும்பாததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். லாரி நிறையும்வரை கேட்டுக்கொண்டே சுமந்தாள்.

இப்போது உரிமம் வாங்கி ஆலோசகர் நாற்காலிக்குப் போய்விட்டாள். நான் உயிரோடு வேலைக்கு வருகிறேன். அன்று அவள் சுமந்த என் பங்கு மூட்டைகளை நான் இன்னும் திருப்பிச் சுமக்கவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.