தள்ளிப்போன நாள்

பப்பாளியை மாமியாரே அறுத்தாள்.

கல்யாணமாகி இவள் வந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டு வாசற்படி ஏறாத பழம். எள்ளுருண்டையும் அப்படித்தான். வயிற்றில் தங்கியது கலைந்துவிடும் என்பாள்.

தங்கியதே இல்லை. ஆனாலும் கூடாது என்றால் கூடாதுதான்.

இப்போது தட்டு நிறைய நீட்டுகிறாள்.

"சூடுதான். நல்லாச் சாப்பிடு தாயி."

இவள் வலது கையால் வாங்கிக்கொண்டாள். இடது கை இன்னும் தோளுக்கு மேலே எழவில்லை. மார்பில் கட்டியை எடுத்த இடம் ஆறிக்கொண்டிருக்கிறது.

ஆறியதும் கீமோ.

மதுரை டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். அந்த மருந்து ஏறிய பிறகு கருமுட்டை மிஞ்சுமா என்பது நிச்சயமில்லை. அதற்கு முன்னால் எடுத்து உறையவைத்துவிடலாம். மாதவிலக்கு வந்த மறுநாளே ஊசி தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் காத்திருக்க முடியாது, வந்த நோய் அப்படிப்பட்டது.

இன்று வியாழன்.

நாள் தள்ளிப் போயிருந்தது.

முன்பெல்லாம் இப்படித் தள்ளிப் போனால் மாமியாரின் முகத்தில் தனி வெளிச்சம் வரும். காபியில் பால் கூடும். குடத்தைத் தூக்கவிடமாட்டாள். பிறகு, வந்துவிட்டது என்று தெரிந்த அன்று ஒரு வார்த்தை பேசமாட்டாள், பாத்திரங்கள்தான் பேசும்.

இப்போது அதே மாமியார் காலண்டரைப் பார்க்கிறாள். சாமி அறைக்குப் போய் வருகிறாள். மறுபடி காலண்டர்.

அப்படி என்னதான் வேண்டிக்கிட்டே என்று மகன் கேட்டதற்கு, "ஒன் சோலியப் பாருடா" என்றாள்.

சாமியிடம் இதை எப்படிக் கேட்டாளோ. இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

மதியம் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

உள்ளே உட்கார்ந்து அழுதாள். மாதாமாதம் அழுத அதே இடம். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுவது வழக்கம். இன்று திறக்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தால் எதிரே மாமியார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு அத்தை."

மாமியார் அடுப்படிக்குள் போனாள். டப்பா திறக்கும் சத்தம். ஒரு பிடி சர்க்கரையோடு வந்து இவள் வாயில் போட்டாள். உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தால் போடுகிற மாதிரி.

விரல் உதட்டில் பட்ட பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. இந்த நாட்களில் மருமகளைத் தொடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தொட்டால் தலைக்குக் குளித்தாக வேண்டும்.

மாமியார் கையை எடுக்கவில்லை.

உதட்டோரம் ஒட்டியிருந்ததையும் பெருவிரலால் வழித்து, உள்ளே தள்ளிவிட்டாள்.