அப்படியே அப்பா!

பிரிண்ட் கடைக்காரர் மூன்றடி உயரப் படத்தை ஹால் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டிஜிட்டல் கேமராவுல எடுத்ததுன்னாலும் குரூப் போட்டோ சார். தலை கடுகளவுதான் இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல போட்டுத்தான் தெளிவாக்கினேன். நீங்க வட்டம் போட்டு அனுப்பின ஆள்தானே இது?"

"எங்கப்பாவை எங்களுக்குத் தெரியாதா?" என்று சீறினான் பெரியவன்.

"அந்தப் பார்வை! அப்படியே அப்பா!" என்று தழுதழுத்தான் சின்னவன். பெரிய மருமகள் மூக்கை உறிஞ்சினாள்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் பின்னறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒருத்தராவது ஏறெடுத்துப் பார்த்ததுண்டா? வாசலில் நின்றபடியே "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்த மகராசன்களுக்கு, அவர் போய்ச் சேர்ந்த பிறகு மூன்றடியில் அப்பா வேண்டியிருக்கிறது!

"என்னம்மா, வாயே திறக்க மாட்டேங்கறே? நல்லா இல்லையா?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தருகே போனாள். அதே வழுக்கை, அதே மீசை. ஆனால் ஆள் அவள் புருஷன் இல்லை. அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர். பிரிவுபசாரப் படத்தில் அவரை ஒட்டி நின்றவர்.

"ஏதாச்சும் மாத்தணுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

அம்மா பிள்ளைகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம் தம்பி, ஆணியை அடிங்க. இவராவது சிரிச்ச முகமா இருக்காரு."