மேம்பாலம் ஏறிய வண்டி

"வாட்சைக் கழட்டாதீங்க மச்சான். இன்னிக்குத் தள்ளுற வேலையே கிடையாது."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணக்கு வாத்தியார் சொன்னார். பின் சீட்டில் ஏறிய அவர் மனைவியின் அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. கழற்றிய வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டார். தங்கை வீட்டு வண்டியில் ஏறும்போதெல்லாம் அவர் செய்கிற முன்னேற்பாடு அது.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி வாசல்ல குனிஞ்சு தள்ள ஆரம்பிச்சவன், உங்க வீட்டு வாசல்லதான் நிமிர்ந்தேன்."

"அது அப்போ. இப்போ மெக்கானிக் ஒரு வாரம் வச்சிருந்து இன்ஜினையே இறக்கி வேலை பார்த்திருக்கான். வண்டி மறுபிறவி எடுத்து வந்திருக்கு!"

முன் சீட்டில் இருந்த மனைவி சொல்ல வேண்டியதை நேற்றே சொல்லிவிட்டாள். அண்ணன் கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஒரே ஒரு தடவை நின்றாலும் சரி, நாளைக்கே காயலான் கடைக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். பேச்சு முடிந்தது. வாத்தியாரும் வீம்புக்குத் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய பிறகு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி. ஊரே சிரித்தாலும் அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வராது.

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்புதான். வண்டி கிளம்பிவிட்டது.

"அட!" என்றார் மச்சான்.

வாத்தியாருக்கு உள்ளுக்குள் குப்பென்று ஏறியது பெருமை. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், தினமும் இப்படித்தான் நடக்கிறது என்பது போலத் தெருமுனையில் திரும்பினார்.

"என்னங்க, என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்தே திறக்குது!" என்றாள் மனைவி. இத்தனை வருஷமாகக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டித்தான் அவள் கதவைத் திறந்து இறங்கியிருக்கிறாள்.

"திறக்காம? வேலைன்னா அது வேலை!"

"சீட்டுகூட மெத்துன்னு இருக்கு. முன்னே ஸ்பிரிங் குத்துமே?"

"பஞ்சு வச்சிருப்பான்."

"சரி, ரேடியேட்டருக்கு ஊத்துற தண்ணி கேன் எங்க? காலடியிலேயேதானே கிடக்கும்?"

"இனிமே அது எதுக்குன்னு அவனே தூக்கிப் போட்டிருப்பான். தொழில் தெரிஞ்சவன் கையில கொடுத்தா இப்படித்தான்!"

"மெக்கானிக் என்னதான் சொன்னார்?"

"அவனைப் பார்க்கலை, சாப்பிடப் போயிருந்தான். முடிஞ்ச வண்டியை வாசல்ல நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுட்டுப் போறது அவன் வழக்கம். பார்த்தேன், குளிச்சு முழுகின மாதிரி நிக்குது. கழுவினா நம்ம வண்டி இவ்வளவு வெள்ளையா இருக்கும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, போ!"

எதிரே மேம்பாலம் தெரிந்தது. அந்தப் பாலத்தை இந்த வண்டி ஒரு நாளும் முழுசாக ஏறியதில்லை. பாதி மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தே மானத்தை வாங்குவார்கள். வாத்தியார் கியரை மாற்றினார். மச்சான் இறங்கத் தோதாகக் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வண்டி ஏறியது. பாதி மேடு தாண்டியது. முன்னால் தயங்கிய ஒரு வேனையும் ஓரங்கட்டிவிட்டு உச்சிக்குப் போய், மறுபக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"மாப்பிள்ளை!" மச்சான் மடித்த கையை இறக்கிவிட்டார். வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார். "இனிமே இந்த வண்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினா கேளுங்க!"

மனைவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "நீங்க விடாப்பிடியா நின்னது நல்லதாப் போச்சுங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வாத்தியார் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

புது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். 'தள்ளாமலா வந்தீங்க?' என்று ஆளுக்கு ஒரு தரம் கேட்டார்கள். மச்சானே முன்னால் நின்று பாலம் ஏறிய கதையைச் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னபோது ஒரு வேன் இரண்டு வேனாகியிருந்தது. வாத்தியார் திருத்தவில்லை. பானெட்டில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு சாயங்காலம் வந்ததில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது.

"நம்ம மெக்கானிக்தான்!" வாத்தியார் முகமெல்லாம் பல்லாகச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "எல்லாரும் கேளுங்க, அவன் கைராசியை அவன் வாயாலயே சொல்லுவான்." ஸ்பீக்கரைப் போட்டு, போனை உயர்த்திப் பிடித்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி இன்னும் ஜாக்கி மேலதான் நிக்குது, இன்னொரு வாரம் ஆகும். எனக்கே இங்க கையும் ஓடலை, காலும் ஓடலை சார்! உங்க வண்டி மாதிரியே வெள்ளை வண்டி, இன்ஸ்பெக்டரோட சொந்த வண்டி சார் அது, சர்வீஸ் முடிச்சு வாசல்ல நிறுத்தியிருந்தேன். நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள எவனோ களவாணிப் பய ஓட்டிட்டுப் போயிட்டான்!"