இரவல் பட்டம்

காலையில் தாதி மர்கோ மண்டியிட்டு, "எழுந்திருங்க, தோஃபின்" என்றதும் குட்டி ரெமிக்குத் தலைகால் புரியவில்லை. பிரான்ஸின் அரியணைக்கு அடுத்து இருப்பவனுக்கு மட்டுமே உரிய பட்டம் அது. நேற்றுவரை அண்ணன் லூசியனுடையது.

"பாத்தியா மர்கோ! அண்ணா சொன்ன வாக்கக் காப்பாத்திட்டான்!"

காய்ச்சலில் கிடந்த அண்ணனுக்கு நேற்று தன் மரக்குதிரையைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரே ஒரு நாள் பட்டத்தைக் கேட்டிருந்தான் ரெமி. அண்ணனும் சிரித்துக்கொண்டே சரியென்றான்.

நன்றி சொல்ல அண்ணன் அறைக்கு ஓடினான். எப்போதும் "பூசணிக்கா" என்று சீண்டும் காவலன்கூடக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பின்னால் வந்த மர்கோ விம்மினாள்.

"ஏன் அழற? சாயங்காலம் அண்ணாகிட்டயே திருப்பிக் குடுத்துடுவேன்."

"முடியாது ராஜா. அண்ணன் உசிரோட இருக்கறவரைக்கும் அது தம்பிக்கு வராது."

காலியான படுக்கையில் மரக்குதிரை மட்டும் கிடந்தது.

"இத விட்டுட்டு எங்க போனான்?" என்றான் புதிய தோஃபின்.