ரோஸ் ஆட்டுக்குட்டி

தேர்வு முடியும்வரை கணினி விளையாட்டைத் தொடுவதில்லை என்று யென்திங் கோவிலில் சத்தியம் செய்திருந்தான். நாளை அரசுப் பணித் தேர்வு. இந்த முறையும் தோற்றால் அப்பாவின் மீன்கடைதான் கதி.

மனைவி பெய்ஷான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கலெக்டர் ஐயா, விளையாட்டுல உங்க பட்டியில குட்டி பிறந்திருக்கு. வாழ்த்துகள்!"

"அதுக்கென்ன?"

"உன் ஆடுங்க எல்லாம் வெள்ளை. குட்டி மட்டும் எப்படி ரோஸ் கலர்? வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தாதானே ரோஸ் வரும்! என் பட்டியில நான் பூவை அரைச்சு சிவப்புச் சாயம் பூசி வச்ச ஆட்டை ஓட்டிட்டுப் போய்ச் சேர்த்திருக்கே!"

"அது போன மாசம், சத்தியத்துக்கு முன்னாடியே பிறந்தது."

"அந்த விளையாட்டுல சோறு வேகற நேரத்துக்குள்ள குட்டி ஆடாயிடும். இது இன்னும் தாய் பின்னாடி ஓடுது. சாமிகிட்டயே பொய்யா?"

யென்திங் புத்தகத்தை மூடினான்.

"சரி, இப்பத்தான் பிறந்துச்சு. நீ எப்பப் பார்த்தே?"

பெய்ஷான் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

மேசையிலிருந்த, இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களில் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான்.

"பாஸாகணும்னு அம்மா ரெண்டு கட்டிக் கொடுத்தாங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு, கோவில்ல என் பக்கத்துல நின்னு அதே சத்தியம் பண்ணி, நாளைக்கு அதே தேர்வை எழுதப்போற மருமகளுக்கு."