கட்லாவுக்கு ஒரு ரீல்

ரீல் கைக்கு வந்ததும் சுந்தர்ராஜ் செய்த முதல் காரியம், அதன் முன்பக்கத் திருகை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கியதுதான்.

பாத்திரக்கடைக்காரர் புத்தி வேறு எப்படிப் போகும்? போடி கடைத்தெருவில் தூக்குச்சட்டி வாங்க வருகிறவர்களுக்கு மூடியை இறுக்கிக் காட்டித்தான் அவர் வியாபாரமே. இறுக்கமாக இருந்தால் நல்ல சாமான், லொடலொடவென்று இருந்தால் மட்டம். மீன் பிடிக்கிற ரீலுக்கும் அதே சட்டம்தான் என்று அவராகவே தீர்மானம் பண்ணி வைத்திருந்தார்.

அந்தத் தீர்மானத்தால் வருசா வருசம் ஒரு கட்லாக் கெண்டை தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

சபையில் விளைச்சலைக் காணிக்கை படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், ஜெயமங்கலத்துப் பக்கம் ஒரு குத்தகைக் கண்மாயில் அவரும் மச்சான் விஜய்ராஜும் தூண்டில் போடுவார்கள். விஜய்ராஜ் வேறு யாருமில்லை, சுந்தர்ராஜின் மனைவி சுகிர்தத்தோடு கூடப்பிறந்த அண்ணன்தான்.

மறுநாள் விஜய்ராஜ் ஒரு கட்லாவைக் கைப்பிள்ளை கணக்காக ஏந்திக்கொண்டு கோயிலுக்கு வருவார். காணிக்கைகளை ஏலம் விடும்போது போதகர் அவர் பேரை மைக்கில் சொல்லுவார்.

சுந்தர்ராஜ் பங்குக்கு ஒரு பூசணிக்காய். அதையும் பேரைச் சொல்லித்தான் ஏலம் விட்டார்கள், அதுதான் கொடுமை. போன வருசம் சபையே சிரித்தது. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருசம் விடுவதில்லை. பண்டிகைக்கு ரெண்டு நாள் இருக்கும்போதே தேனிக்குப் பஸ் ஏறிவிட்டார். வீட்டில் தைக்கிற வேலைக்கு லைனிங் துணியும் நூலும் எடுக்க வேண்டியிருந்ததால் சுகிர்தமும் கூட வந்தாள்.

தூண்டில் சாமான் கடைக்காரர் சங்கரலிங்கம் கண்ணாடி மேசைமேல் ரெண்டு ரீலை எடுத்து வைத்தார். ஒன்று தங்கக் கலரில் நல்ல கனம். இன்னொன்று கறுப்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை.

தங்கத்தைக் காட்டி, இதற்குக் கடல்மீனே வரும் என்றார். கறுப்பு எப்படி என்று கேட்டதற்கு, அதுவும் நல்லாத்தான் ஓடும், உங்க இஷ்டம் என்றார். விற்கிறவன் பேச்சு என்று சுந்தர்ராஜுக்குத் தெரியாதா என்ன, அவரும் விற்கிறவர்தானே.

தங்கத்தை எடுத்தார், திருகை இறுக்கினார், வைத்தார். கறுப்பை எடுத்தார், வைத்தார். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், நூல் பையோடு பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற?"

கல்யாணமான நாளிலிருந்து மீன் விசயத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டது அவருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

சுகிர்தம் பையைக் கீழே வைத்தாள். தங்க ரீலை எடுத்து, அவர் உயிரைக் கொடுத்து இறுக்கிய திருகைத் தளர்த்தினாள். அதில் சுற்றியிருந்த நரம்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, ரீலை அந்தரத்தில் தொங்கவிட்டு, கையை ஒரு சுண்டு சுண்டினாள். தையல் மிஷினில் மாட்டுவதற்கு முன்னால் பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு, நூல் சரியான இறுக்கத்தில் இறங்குகிறதா என்று பார்ப்பாளே, அதேதான்.

கீழே விழுந்துவிடப் போகிறது என்று சங்கரலிங்கம் ரெண்டு கையையும் ஏந்தினார்.

தங்கம் விக்கி விக்கி இறங்கியது. கொஞ்சம் நின்றது, பொதுக்கென்று விழுந்தது, திரும்பவும் நின்றது.

கறுப்பு ஒரு சாண் வழுக்கிக்கொண்டு இறங்கி, அப்படியே நின்றது.

அவள் கறுப்பின் நரம்பைச் சங்கரலிங்கத்திடம் கொடுத்து, அண்ணே, நீங்கதான் கட்லா, ஓடுங்க என்றாள். அந்த மனுசனும் வாசல்வரை ஓடினார். ரீல் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே நரம்பை விட்டது. மூச்சு வாங்கி அவர் நின்றதும் அவள் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தாள். ஆள் நரம்பின் இழுப்புக்குத் திரும்பி நடந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

சுந்தர்ராஜுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஓடுகிறபோது விட வேண்டும், நிற்கிறபோது இழுக்க வேண்டும். இத்தனை காலமும் நரம்பை அறுத்தது மீனே இல்லை, அவர்தான்.

அந்த நேரம் பார்த்து சுகிர்தத்தின் போன் அடித்தது. ரீலைக் கீழே வைக்க மனசில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

விஜய்ராஜ்தான். நாளைக்குக் காலையில சாப்பிட வர்றப்ப ரீலைக் கொண்டாறேன், எப்பவும்போல திருகைச் சரிபண்ணிக் குடுத்துரு தங்கச்சி, மாப்பிள்ளை காதுல விழுந்துராமப் பாத்துக்க என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

சங்கரலிங்கம் அவசரமாகக் கூரையில் எதையோ தேடினார்.

சுந்தர்ராஜ் போனையும் சுகிர்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தூண்டில் போடுகிற அன்றைக்குக் காலையில் மச்சான் வீடு தேடி வருவது தங்கச்சி சுடுகிற ஆப்பத்துக்காக என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! வருசா வருசம் தன்னைத் தோற்கடித்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒளிவுமறைவே இல்லை.

"இந்த வருசம் முடியாதுண்ணே," என்றாள் போனில். "நீங்க கேட்டீக, அதனால செஞ்சேன். இப்ப இவுக கேட்டுட்டாக."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்மாயில் தூண்டில் விழுவதற்கு முன்னாலேயே ஜெயித்துவிட்ட சந்தோசத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, நரம்பு எது எடுக்கலாம் என்று அடுத்த கேள்வியையும் அவளிடமே கேட்டார்.