கெப்பர் பிடிச்சவள்

“ஏன்டி, ஒரு படம் எடுத்தால் உனக்கு என்ன தேய்ஞ்சு போகுமே?”

வசந்தினி போனை நீட்டிக்கொண்டு நின்றாள். தங்கச்சி பிரசாந்தி விமான டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

“வேண்டாம் அக்கா.”

“எங்கடை குடும்பத்திலை முதல்முதல் பிளேன் ஏறுறவள் நீ. பலாலியிலை ஏறி, சென்னையிலை மாறி, பிரான்சிலை, பரிசிலை இருக்கிற உன்ரை மனிசனிட்டைப் போய் இறங்கப்போறாய். இதை நாலு பேருக்குச் சொல்லாமல் நான் என்னெண்டு இருக்கிறது?”

“வாயை மூடிக்கொண்டு இரு. நோகாது.”

புத்தூரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவர் மட்டும் போவதில்லை. அரை ஊரின் மிளகாய்த்தூளும் சேர்ந்துதான் போகும். பிரசாந்தியோ திகதியையே ஒருவருக்கும் சொல்லவில்லை. தூளோடும் பனங்கிழங்குப் புழுக்கொடியலோடும் வந்தவர்களை, “இன்னும் முடிவாகேல்லை” என்று வாசல் படலையிலேயே திருப்பிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் குணலட்சுமி மாமி நேற்று வேலியில் நின்று ஊருக்கே கேட்க ஏசினாள்.

“விசா வந்த உடனை திமிர், கெப்பர் எல்லாம் தலைக்கு ஏறிட்டுது! ஒரு கிலோ தூளைக் கொண்டுபோனால் இவவின்ரை பிளேன் விழுந்திடுமோ?”

வசந்தினிக்கு மானம் போனது. தங்கச்சியை ஊர் மெச்ச வேண்டும் என்று எவ்வளவு ஆசையோடு இருந்தாள்! அதனால்தான் போன கிழமையே களவாக ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள்.

முகநூலில் ‘ஒரே பிளேனிலை போவம்’ என்று ஒரு குழு. நாலாயிரம் பேர். பயணம் போகிறவர்கள் திகதி, பிளேன் நம்பர், சீட் நம்பர் எல்லாம் போடுவார்கள். துணைக்கு யாராவது அகப்படுவார்கள். “என்ரை தங்கச்சி மூண்டு வயசுப் பிள்ளையோடை தனியப் பரிசுக்குப் போறா. ஆரும் உதவி செய்வியளோ?” என்று வசந்தினி எழுதிப்போட்டாள். அரை மணித்தியாலத்தில் ஆள் வந்துவிட்டது.

பலாலி விமான நிலைய வாசலில் ஓட்டோவால் இறங்கினார்கள். மகளின் சப்பாத்தைக் கட்டிவிடுவதற்காகப் பிரசாந்தி கைப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். வசந்தினி சட்டென்று டிக்கெட்டை இழுத்து விரித்து ஒரு படம் எடுத்தாள்.

“அக்கா! என்ன செய்யிறாய்?”

“கோவிக்காதை. உனக்கு ஒரு துணை பிடிச்சு வைச்சிருக்கிறன். வேறை ஆருமில்லை, எங்கடை குணலட்சுமி மாமியின்ரை மருமகன் நிருஷன்தான். அவனும் பரிசிலைதான். மாமியின்ரை மகள் ஜெயனி அந்தப் பெடியனை விட்டிட்டு ஓடின பிறகும் அவனுக்கு ஊர்ப் பாசம் போகேல்லைப் பார்! ‘டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்புங்கோ அக்கா, அண்ணைக்கு ஏன் அலைச்சல், நானே எயாப்போட்டுக்கு வந்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுறன்’ எண்டு எழுதியிருக்கிறான். இந்தா, இப்ப அனுப்பி…”

பிரசாந்தி போனைப் பறித்தாள்.

“அனுப்பிட்டியோ? சொல்லு, அனுப்பிட்டியோ?”

“இன்னும் இல்லையடி… ஏன் இப்பிடிப் பதறுறாய்?”

பிரசாந்தி அக்காவை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“ஜெயனி ஓடிப்போகேல்லை அக்கா. அவன் அவளின்ரை கையை முறிச்சவன். கைப்பிள்ளையோடை ரோட்டிலை நிண்டவளை என்ரை மனிசன்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். இப்ப அவளும் பிள்ளையும் பரிசிலை எங்கடை வீட்டிலைதான் இருக்கினம். அந்த வீடு எங்கை எண்டு அவனுக்குத் தெரியாது.”

வசந்தினி டிக்கெட்டை மடித்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள்.

“அப்ப அவன் உனக்குத் துணைக்கு வரேல்லை…”

“என்ரை பின்னாலை வந்து அவளைப் பிடிக்கப் பாக்கிறான்.”

வசந்தினி போனை வாங்கினாள். படத்தை அழித்தாள். குழுவில் எழுதியதையும் அழித்தாள். பிறகு நிருஷனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: ‘பயணம் தள்ளிப்போச்சு தம்பி. எப்ப எண்டு தெரியாது.’

“எனக்கெண்டாலும் நீ சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“உனக்கோ?” பிரசாந்தி சிரித்தாள். “உனக்குச் சொன்னால் நாலாயிரம் பேருக்குச் சொன்ன மாதிரி.”

வசந்தினி போனை நிறுத்தி வைத்தாள்.

“பாவம் குணலட்சுமி மாமி. பெத்த மகளையே நீ காப்பாத்தி வைச்சிருக்கிறது தெரியாமல் அந்த ஏச்சு ஏசினவ.”

“மாமிக்கு எல்லாம் தெரியும். உந்தப் பெரிய சூட்கேசுக்குள்ளை பாதி, மாமி பேத்திக்குக் குடுத்துவிட்ட சாமான்தான்.”

“என்னது? அப்ப ஏன் வேலியிலை நிண்டு…”

“நான்தான் ஏசச் சொன்னனான். ஒருத்தரும் சந்தேகப்படக் கூடாதெல்லே? மனிசி கொஞ்சம் கூடத்தான் ஏசிப்போட்டா.”

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சூட்கேசை இழுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள் பிரசாந்தி.

வசந்தினி வீட்டுக்கு வந்து இறங்கியபோது வேலியடியில் அயல்வீட்டு ஞானாம்பிகை அக்காவோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். நடுவில் குணலட்சுமி மாமி.

“எங்கை, உன்ரை மகாராணி விடியவே வெளிக்கிட்டுப் போனவ?” மாமியின் குரல் காரமாகத்தான் இருந்தது. ஆனால் சேலைத் தலைப்பை விரல்கள் பிசைந்துகொண்டே இருந்தன.

வசந்தினி அந்த விரல்களைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள். நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

“எனக்கென்ன தெரியும் மாமி! கெப்பர் பிடிச்சவள், கூடப்பிறந்த எனக்கே ஒண்டும் சொல்லுறாளில்லை!”

தங்கச்சியைப் பற்றி அவள் இவ்வளவு பெருமையாக ஒருநாளும் கதைத்ததில்லை.